கோப்பின் பெயரும் தோட்டத்தின் பெயரும்: கணினி வரைகலை ஆக்கத்தின் பெயரிடல் மரபும் கேமரன் மலைத் தமிழர் ஆவணங்களும்

முன்னுரை

பகாங் மாநிலத்தின் வடமேற்கில் அமைந்துள்ள கேமரன் மலையின் நிருவாக நகரம் தானா ராத்தா. மலாய் மொழியில் 'சமநிலம்' எனப் பொருள்படும் இப்பெயரைத் தமிழில் எழுதுவோர் 'தானா ராத்தா' என்றும் 'தானா ராட்டா' என்றும் 'தானாராத்தா' என்றும் பலவாறு எழுதுவதைக் காண்கின்றோம். படிப்பவருக்கு இம்மூன்றும் ஓரூரே. கணினிக்கோ இவை மூன்று வெவ்வேறு பெயர்கள். இச்சிறு வேறுபாட்டினின்று எழும் பெரிய சிக்கலே இக்கட்டுரையின் பொருளாகும்.

தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் குடும்பங்களிடமும் தமிழ்ப்பள்ளிகளிடமும் கோயில்களிடமும் எஞ்சியிருக்கும் நிழற்படங்கள், பதிவேடுகள், திருவிழா அறிவிப்புகள், கடிதங்கள் ஆகியவை அண்மைக் காலத்தில் கைப்பேசியாலும் வருடியாலும் படியெடுக்கப்படுகின்றன. படியெடுத்தல் எளிதாகிவிட்டது, படியெடுத்ததை மீண்டும் கண்டெடுத்தலே அரிதாகியுள்ளது. ஒவ்வொரு கருவியும் தானே ஓர் எண்ணைப் பெயராக இட்டுவிடுகிறது. இருவர் கருவிகள் ஒரே எண்ணை இருவேறு படங்களுக்கு இடவும் கூடும். ஒரு கோப்புறையில் இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு முன்னது அழியவும் கூடும்.

பல்லாயிரம் கோப்புகளைப் பலர் சேர்ந்து கையாளும் இடர்ப்பாட்டை நெடுங்காலமாக எதிர்கொண்டு, அதற்கெனப் பெயரிடல் மரபொன்றை வளர்த்துக்கொண்ட துறை கணினி வரைகலை ஆக்கத்துறை. அம்மரபு எவ்வாறு உருவாயிற்று, அது தோட்டத் தமிழரின் ஆவணங்களுக்கு எவ்வாறு பயன்படும் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. எமது கருத்து இதுவே: கோப்பின் பெயர் ஒரு பொருளை அடையாளங்காட்ட வேண்டுமேயன்றி அதன் வரலாற்றைச் சுமக்கலாகாது. வரலாற்றைச் சுமக்க வேண்டியது கோப்போடு இணைந்த பதிவேடு.

1. தோட்டமும் அதன் பதிவேடுகளும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டறிந்து குறித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்வையிட்டபின் மலைவாழிடமாக அதனை மேம்படுத்தும் முயற்சிகள் வலுப்பெற்றன. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் உருவாயிற்று. சுங்கை பாலாஸ், புளூ வேலி போன்ற தோட்டப் பெயர்களும் தமிழர் வாழ்வோடு பிணைந்தவையே.

மலாயாவுக்குத் தமிழ்த் தொழிலாளர்களைக் கொணர்வதற்குரிய செலவைத் தோட்டங்கள் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. 1938இல் இந்திய அரசு, உதவிபெற்று வரும் உடலுழைப்புத் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. ஆகவே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் வேரூன்றிய காலமும் கங்காணி முறையின் இறுதிக் காலமும் ஏறத்தாழ ஒன்றே எனலாம்.

தோட்டம் என்பது தேயிலைச் செடிகளால் மட்டும் ஆனதன்று. பெயர்களாலும் எண்களாலும் ஆனது. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப்பட்டது. கிராணி அதனைச் செக்ரோலில் பதிந்தார். செக்ரோலில் ஒருவர் முதற்கண் ஓர் எண், பின்னரே ஒரு பெயர். அப்பெயரும் கிராணியின் செவிக்கு எட்டியவாறு உரோமன் எழுத்தில் அமைந்தது. முனியாண்டி என்னும் பெயரின் ஈற்றில் ஒருவர் 'ஐ' என்னும் எழுத்தை இட்டார். மற்றொருவர் 'ஒய்' என்னும் எழுத்தை இட்டார். தமிழிலேயே எழுதினும் இலட்சுமி, லட்சுமி, லெட்சுமி, இலக்குமி என வடிவங்கள் பல. ஒரே குடும்பத்தில் தந்தையின் பெயர் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக அமைந்திருப்பதை இந்நாட்டுத் தமிழாசிரியர் பலரும் அறிவர்.

ஆலையிலும் ஒரு பெயரிடல் முறை இருந்தது. தேயிலை வணிகத்தில், பெட்டி ஒவ்வொன்றின் மீதும் தோட்டக்குறி, இன்வாய்ஸ் எண், ரகம், எடை ஆகியவை குறிக்கப்பட்டன. பி.ஓ.பி. என்றும் டஸ்ட் என்றும் வழங்கும் ரகக் குறிகள் இலங்கையின் கொழும்பிலும் இந்தியாவின் குன்னூரிலும் இலண்டன் ஏலக்கூடத்திலும் ஒரே பொருளைத் தந்தன. பெட்டியைத் திறவாமலே அதனுள் இருப்பது இன்னதென அறிவதற்கு அக்குறிகள் போதுமானவை. தேயிலைக்கு இத்துணைத் துல்லியமான பெயரொழுங்கு இருக்க, அதனைக் கொய்தவர்களின் பெயர்கள் எழுதியவரின் விருப்பப்படி திரிந்தன என்பது நோக்கத்தக்கது.

பெயர் முறையாகப் பதியப்படாமை எத்தகைய இழப்பைத் தரும் என்பதற்கு மலாயாத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு கொடிய சான்று உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு மாண்ட கூட்டுப்படைப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. மாண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அத்தகைய முழுமையான பெயர்ப்பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாத இடத்தில் எண்ணிக்கை கூட மதிப்பீடாகவே நின்றுவிடுகிறது.

2. கணினிக் கோப்பு பெயர்பெற்ற வரலாறு

கணினியில் கோப்புக்குப் பெயரிடும் முறை அலுவலக வழக்கத்திலிருந்து பிறந்தது. கோப்பு, கோப்புறை, அடுக்கு முதலிய சொற்களே இதற்குச் சான்று. 1965இல் அமெரிக்காவில் திட்டமிடப்பட்ட மல்டிக்ஸ் என்னும் அமைப்பு, கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் மரவடிவ அடுக்குமுறையை முன்வைத்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கப்பட்ட யுனிக்ஸ் அதனை எளிமைப்படுத்தியது. தொடக்க கால யுனிக்சில் ஒரு கோப்பின் பெயர் 14 எழுத்துகளைத் தாண்ட இயலாது. 1981இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் பெயருக்கு 8 எழுத்தும் வகைக்குறிக்கு 3 எழுத்துமே தந்தது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 வழியாகவே 255 எழுத்து வரையிலான நீண்ட பெயர்கள் பொதுப் பயனாளரிடையே பரவின.

இக்குறுகிய இடமே சுருக்கக் குறியீட்டுப் பழக்கத்தை வளர்த்தது. எட்டு எழுத்துக்குள் பொருளை அடக்க வேண்டியவர், எந்த எழுத்து எதனைக் குறிக்கும் என்று முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அவ்வுடன்பாடே பெயரிடல் மரபாக வளர்ந்தது.

யுனிக்ஸ் சாய்கோட்டைக் கோப்புறைகளைப் பிரிக்கும் குறியாகக் கொண்டது. அதனால் கோப்பின் பெயருக்குள் சாய்கோடு இடம்பெற இயலாது. விண்டோசும் அதனை ஏற்பதில்லை. இத்தடை நம் நாட்டுச் சூழலில் இரண்டு இடங்களில் உறுத்துகிறது. முதலாவது, காலனிய ஆட்சிக்கால அலுவலகக் கோப்புகள் 'எண், சாய்கோடு, ஆண்டு' என்னும் முறையில் பெயர்பெற்றவை. சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாவது, மலேசியத் தமிழரின் அதிகாரப்பூர்வப் பெயர்களில் மகன் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்', மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/பி' ஆகியவற்றின் நடுவே சாய்கோடு உள்ளது. அடையாள அட்டையில் உள்ளவாறே ஒருவரின் பெயரைக் கோப்புக்கு இட முயன்றால் கணினி அதனை மறுக்கும்; அல்லது பெயரை இரண்டாக வெட்டி முற்பாதியைக் கோப்புறையாகக் கொள்ளும். ஒருவர் சாய்கோட்டை நீக்குவார். மற்றொருவர் சிறுகோடு இடுவார். இன்னொருவர் தந்தை பெயரையே விட்டுவிடுவார். ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் தோன்றிவிடும்.

3. வரைகலை ஆக்கத்தில் பெயரிடல் மரபு

கணினி வரைகலையின் வரலாற்றில் 1963ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் ஐவன் சதர்லேண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வாக 'ஸ்கெட்ச்பேட்' என்னும் வரைகலை நிரலை அளித்தார். மூலவடிவம் ஒன்றை ஒருமுறை வரைந்து, அதன் வழிவடிவங்களை வேண்டிய இடங்களில் நிறுத்தலாம். மூலத்தைத் திருத்தினால் வழிவடிவங்கள் யாவும் தாமே திருந்தும் என்பது அதன் அரிய கருத்துகளுள் ஒன்று. இன்றைய வரைகலை ஆக்கத்தின் கோப்பு அடுக்குமுறை முழுவதும் இக்கருத்தின் மீதே எழுந்துள்ளது. 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவல் உருவாக்கிய தேநீர்க் கெண்டியின் கணினி வடிவம் இன்றுவரை உலகெங்கும் ஆய்வுகளில் எடுத்தாளப்படுகிறது. அது ஒரு பெயரும் மாறாத தரவும் பெற்றிருந்தமையாலேயே, வெவ்வேறு ஆய்வாளர் தம் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

திரைப்பட ஆக்கத்தில் இத்தேவை பன்மடங்காகிறது. நொடிக்கு 24 சட்டங்கள் என்னும் கணக்கில் 90 நிமிடப் படத்துக்கு 129,600 சட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு சட்டமும் உருவம், பின்னணி, நிழல் எனப் பல அடுக்குகளாகத் தனித்தனிக் கோப்புகளில் அமையும். உருவமைப்போர், எலும்புக்கூடு பொருத்துவோர், அசைவூட்டுவோர், ஒளியமைப்போர், அடுக்குகளை இணைப்போர் என ஒருவர் முடித்ததை மற்றொருவர் பெற்றுத் தொடர்வர். துறையினர் 'பைப்லைன்' என வழங்கும் இவ்வாக்கத் தொடரில் கோப்பின் பெயரே ஒருவர் மற்றொருவருக்கு விடுக்கும் செய்தியாகும்.

இத்துறையின் வழக்கங்களுள் நான்கினை இங்குச் சுட்டுவோம்.

முதலாவது, எண்களின் முன் சுழியிடுதல். கணினி பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால் 10 என்னும் எண் 2க்கு முன் வந்து நிற்கும். 0002, 0010 என எழுதினால் வரிசை சிதையாது.

இரண்டாவது, இடைவெளி விட்டு எண்ணிடுதல். ஷாட் எனப்படும் காட்சித்துண்டுகளுக்கு 0010, 0020, 0030 எனப் பத்துப் பத்தாக எண்ணிடுவர். பின்னர் இடையில் ஒரு துண்டு சேர்ந்தால் 0015 எனப் பெயர் பெறும். பழைய பெயர் எதுவும் மாற வேண்டியதில்லை. இவ்வாறே, சட்டங்களை 1இலிருந்து தொடங்காமல் 1001இலிருந்து தொடங்குவதும் பரவலான வழக்கம். முன்னால் சில சட்டங்கள் தேவைப்பட்டால் எதிர்ம எண்ணுக்குச் செல்லாமல் 1000, 999 எனப் பின்னோக்கி எண்ணலாம்.

மூன்றாவது, பதிப்பெண். 'இறுதி', 'புதிய இறுதி', 'உண்மையான இறுதி' என்று பெயரிடப்பட்ட கோப்புகள் ஆய்வேடு எழுதிய எவருக்கும் புதியவையல்ல. வரைகலைத் துறையினர் 'இறுதி' என்னும் சொல்லைத் தவிர்த்து, ப001, ப002 என எண்ணிடுவர். எது இறுதியானது என்பதைக் கோப்பின் பெயர் சொல்லாது. ஒப்புதல் பதிவேடு சொல்லும்.

நான்காவது, பணிக்கோப்பையும் வெளியிட்ட கோப்பையும் பிரித்தல். கலைஞர் தம் பணியிடத்தில் எத்தனை முறையும் திருத்தலாம். பிறருக்கு வழங்கியபின் அப்பதிப்பை எவரும் தொடலாகாது. திருத்தம் வேண்டின் புதிய எண்ணோடு புதிய பதிப்பே வரும்.

இவ்வழக்கங்கள் தமிழர்க்கு அயலானவையல்ல. சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனத்தின் பங்களிப்பில் உருவாகி 2000இல் வெளிவந்த 'சின்பாத்' அசைவூட்டப் படம், அமெரிக்காவில் நடிகரின் அசைவுகளைப் பதிவுசெய்து சென்னையில் உருவமாக்கிய முயற்சியாகும். 2014இல் வெளிவந்த 'கோச்சடையான்' படத்தின் அசைவுப்பதிவு இலண்டனுக்கு அருகிலுள்ள பைன்வுட் தளத்தில் நடைபெற்றது. கடல்கடந்த இரு குழுவினர் ஒரே உருவத்தின் மீது பணிசெய்யுங்கால், பெயரில் நேரும் ஓரெழுத்துப் பிழையும் ஒரு நாள் உழைப்பை விழுங்கிவிடும். மலேசியாவில் 2007இல் தொடங்கிய 'உபின் இபின்' தொடரில் வரும் ராஜு என்னும் தமிழ்ச் சிறுவனையே எண்ணிப் பார்க்கலாம். அத்தகைய பாத்திரம் ஒவ்வொரு பகுதியிலும் புதிதாக வரையப்படுவதில்லை. நிலையான பெயர் பெற்ற மூலவடிவமே காட்சிதோறும் அழைக்கப்படும்.

இம்மரபின் இன்றியமையாமையை உணர்த்திய நிகழ்வு 1998இல் நேர்ந்தது. பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறாக இடப்பட்ட ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி மறைந்தது. நிறுவனத்தின் காப்புப்படிகளும் சரிவர இயங்காமற்போயின. குழந்தை பிறந்தமையால் வீட்டிலிருந்து பணியாற்றிய பெண் தொழில்நுட்ப இயக்குநர் ஒருவரின் கணினியில் இருந்த படியே படத்தைக் காத்தது. அப்படியிலிருந்த கோப்புகளைச் சேர்த்து எது புதியது, எது பழையது என்று தெரிந்து அடுக்குவதற்கு, பெயரொழுங்கு இல்லாதிருப்பின் வழியிருந்திராது.

4. அகநானூற்று எண்ணும் அதன் எல்லையும்

பெயரால் அல்லது எண்ணால் வகைமையை உணர்த்தும் உத்தி தமிழ்த் தொகைநூல் மரபில் முன்பே நிலைபெற்றது. அகநானூற்றில் 1, 3, 5 என வரும் ஒற்றையெண் பாடல்கள் யாவும் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். பத்தின் மடங்காக வருபவை நெய்தல். 236ஆம் பாடல் எத்திணை என்று கேட்டால், நூலைத் திறவாமலே மருதம் என்று கூறிவிடலாம். தேயிலைப் பெட்டியின் மீதுள்ள குறியைப் போன்றதே இது. ஐங்குறுநூறோ திணைக்கு நூறு, நூற்றுக்குப் பத்துப் பத்து எனக் கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கப்பட்டுள்ளது. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. இன்று 'தரவு பற்றிய தரவு' என நூலகவியலார் கூறுவது இதுவேயாகும்.

இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அகநானூற்று எண்முறை அழகியது. ஆயினும் அது நானூறு என்னும் எல்லை வகுக்கப்பட்ட தொகுதிக்கே பொருந்தும். நானூற்று ஒன்றாவதாக ஒரு நெய்தற் பாடல் கிடைப்பின் அதற்கு இடமில்லை. ஒரு பாடலின் திணை தவறென்று பின்னர் தெரியவரின் எண்ணையே மாற்ற நேரும். புறநானூற்று முறையில் எண் வெறும் எண்ணாகவே நிற்கிறது; செய்தி யாவும் அடிக்குறிப்பில் உள்ளது. அடிக்குறிப்பைத் திருத்தினாலும் பாடலின் எண் மாறுவதில்லை.

தோட்ட ஆவணங்கள் எல்லை வகுக்கப்பட்ட தொகுதியல்ல. நாளை எந்த வீட்டின் பெட்டியிலிருந்து எது வெளிப்படும் என்று எவராலும் கூற இயலாது. போ தோட்டத்தில் எடுத்ததென்று கருதிய நிழற்படம் சுங்கை பாலாசில் எடுத்ததெனப் பின்னர் தெரியவரலாம். 1950 என்று மதிப்பிட்ட ஆண்டு 1956ஆக மாறலாம். இடம், ஆண்டு, ஆள் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்தால், அறிவு வளருந்தோறும் பெயர் மாற வேண்டும். பெயர் மாறுந்தோறும் அதனை மேற்கோள் காட்டிய ஆய்வுகள் பற்றுக்கோடு இழக்கும். ஆகவே, நமக்குப் பொருந்துவது அகநானூற்று நெறியன்று, புறநானூற்று நெறியே. வரைகலைத் துறையும் இத்திசையிலேயே சென்றுள்ளது. பிக்சார் நிறுவனம் 2016இல் பொதுப்பயன்பாட்டுக்கு வெளியிட்ட யு.எஸ்.டி. என்னும் காட்சி விவரிப்பு முறையில், ஒரு பொருளின் பெயரும் அதன் கோப்பு இருக்கும் இடமும் தனித்தனியே வைக்கப்பட்டு, இரண்டையும் இணைக்கும் பொறுப்பு வேறொரு நிரற்கூறிடம் ஒப்படைக்கப்படலாம்.

5. தமிழெழுத்தும் கோப்பின் பெயரும்

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாகாதா என்னும் வினா இயல்பானது. இன்று இடலாம். 1991இல் யூனிக்கோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் பொதுப் பயனாளரின் கணினிகளில் அது நிலைபெற மேலும் பல்லாண்டுகள் ஆயின. அதுவரை பல்வேறு எழுத்துரு முறைகளில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர், வேறு கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றியது.

யூனிக்கோடு வந்தபின்னும் மூன்று நுட்பச் சிக்கல்கள் உள. அவற்றை அறிந்து செயற்படுதல் நலம்.

ஒன்று, ஒரே எழுத்துக்கு இருவகைக் குறிமுறை. 'தோட்டம்' என்னும் சொல்லின் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 1998இல் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோசோ தட்டச்சிட்டவாறே சேமிக்கிறது. ஆகவே, 'போ தோட்டம்' என்னும் ஒரே பெயர் இருவகைக் கணினிகளிலிருந்து ஒரு கோப்புறைக்கு வரும்போது, பார்வைக்கு வேறுபாடற்ற இரு கோப்புகள் அருகருகே நிற்க நேரலாம். ஒன்றைத் தேடுபவருக்கு மற்றொன்று கிட்டாமலும் போகலாம்.

இரண்டு, அகரவரிசை. நம் நெடுங்கணக்கில் 'ய, ர, ல, வ, ழ, ள, ற, ன' என்பதே முறை. யூனிக்கோட்டில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. தமிழ் அகரவரிசைக்கென எழுதப்பட்ட நிரல்கள் இதனைச் சரிசெய்யும். அவை இல்லாத இடத்தில் குறியெண் வரிசையே வெளிப்படும்.

மூன்று, நீளம். யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். 'தோட்டம்' என்னும் சொல் 7 குறிகளால் 21 பைட்டுகளாகிறது. ஓகாரக் குறியைப் பிரித்து எழுதின் 24 ஆகும். லினக்ஸ் போன்ற அமைப்புகளில் பெயரின் எல்லை 255 பைட்டுகளாதலால், தமிழில் 85 குறிகளுக்கு மேல் இயலாது. பள்ளியின் முழுப்பெயர், தோட்டம், ஆண்டு, நிகழ்ச்சி ஆகிய யாவற்றையும் எழுத முற்பட்டால் அவ்வெல்லை விரைவில் வந்துவிடும்.

இவற்றைக் கூறுவதால், தமிழ் கணினிக்குத் தகாது என்னும் முடிவுக்கு எவரும் வரலாகாது. கோப்பின் பெயர் என்னும் குறுகிய சந்தில் தமிழ்ப் பெயர்களை நெருக்கித் திணிக்க வேண்டா என்பதே எமது கருத்து. அவற்றுக்கு உரிய இடம் பதிவேடு; அங்கு நீளத்துக்கோ வடிவத்துக்கோ தடையில்லை.

6. ஒரு முன்மொழிவு

இத்தகைய நெறியைத் தமிழுலகம் ஏற்கெனவே பின்பற்றிப் பயன்கண்டுள்ளது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் நூல்களின் கோப்புகள் வரிசையெண்ணையே பெயராகப் பெற்றன. எழுத்துரு முறைகள் மாறி, நூல்கள் யூனிக்கோட்டுக்குப் பெயர்ந்தபோதும் அவ்வெண்கள் நிலைத்தன. நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் பட்டியலில் உள்ளன. 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின்போது தமிழ் மரபு அறக்கட்டளை தோற்றம்பெற்றதையும், 1985 முதல் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு' மென்பொருள் இந்நாட்டிலிருந்து பரவியதையும் நினைவுகூர்ந்தால், இப்பணியில் மலேசியத் தமிழர் பின்தங்கியவரல்லர் என்பது தெளிவாகும்.

கேமரன் மலை ஆவணங்களைத் தொகுக்க முன்வரும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பின்வரும் நெறியை முன்மொழிகின்றோம். கோப்பின் பெயர் நான்கு உறுப்புகளைக் கொள்ளட்டும்: தொகுதி எண், உருப்படி எண், பக்க எண், பதிப்பெண். தமிழில் எழுதிக்காட்டின் 'தொ012_உ0034_ப006_வ01' என அமையும். நடைமுறையில் இதனைச் சிறிய உரோமன் எழுத்துகளாலும் எண்களாலும் அமைத்தல் எல்லாக் கணினிக்கும் பொருந்தும். இதில் ஆள் பெயரில்லை, ஊர்ப் பெயரில்லை, ஆண்டும் இல்லை. ஆகவே மாற வேண்டிய கூறும் இல்லை.

ஒவ்வோர் உருப்படியின் கோப்புறையிலும் மூன்று உட்கோப்புறைகள் போதும்: முதற்படி, பயன்படி, பதிவு. முதற்படி ஒருமுறை எடுத்தபின் எவராலும் திருத்தப்படலாகாது. நிறந்திருத்திய, அளவு குறைத்த படங்கள் பயன்படியில் சேரும். இது வரைகலையாளரின் 'வெளியிட்ட கோப்பு, பணிக்கோப்பு' என்னும் பாகுபாடேயாகும்.

பதிவில் ஒவ்வோர் ஆளுக்கும் ஊருக்கும் நான்கு பெயர் வடிவங்களுக்கு இடமளித்தல் வேண்டும்: ஆவணத்தில் எழுதியுள்ளவாறு, குடும்பத்தார் வழங்குமாறு, அரசுப் பத்திரத்தில் உள்ளவாறு, தொகுப்பாளர் கொண்ட பொதுவடிவம். செக்ரோலில் பிழையாக எழுதப்பட்ட பெயரைத் 'திருத்தி' எழுதுவதும் வரலாற்றை மறைப்பதாகும். அப்பிழையை மட்டும் எழுதுவதும் அவ்வாறே. நான்கும் இருப்பின், 'தானா ராட்டா' என்று தேடுபவரும் 'தானா ராத்தா' என்று தேடுபவரும் ஒரே ஆவணத்தை வந்தடைவர்.

தமிழ்ப்பள்ளி ஆவணங்களைப் பொறுத்தவரை, கல்வி அமைச்சு ஒவ்வொரு பள்ளிக்கும் வழங்கியுள்ள ஏழிடக் குறியீட்டைப் பதிவில் குறித்தல் நலம். பகாங் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் குறியீடு 'சி.பி.டி.' என்னும் மூன்றெழுத்தில் தொடங்குவதை ஆசிரியர்கள் அறிவர். பள்ளிப் பெயரைத் தோட்டப் பெயரோடு எழுதினும், எண்ணோடு எழுதினும், சுருக்கி எழுதினும் அக்குறியீடு ஒன்றே.

இறுதியாக, படிகள் ஓரிடத்தில் மட்டும் இருத்தலாகாது. மலையில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஒன்று, ஆவணத்துக்கு உரிய குடும்பத்தாரிடம் ஒன்று என மூன்றிடங்களில் இருப்பின், ஓரிடத்தில் நேரும் அழிவு முழு அழிவாகாது. அப்போதும் மூன்று படிகளையும் ஒப்பிட்டுச் சேர்க்க உதவுவது மாறாத பெயரேயாகும்.

முடிவுரை

இன்று கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களே பெரும்பாலும் பணியாற்றுகின்றனர். தமிழர் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. லயத்து வீட்டைக் காலிசெய்யும்போது எடுத்துச் செல்லப்படுவதும் உண்டு; விடப்படுவதும் உண்டு. எடுத்துச் சென்றவையும் இன்று கைப்பேசிகளில் பெயரற்ற எண்களாகச் சிதறிக் கிடக்கின்றன. பொருள் அழியாமலே காணாமற்போவது இக்காலத்துக்குரிய இழப்பாகும்.

வரைகலையாளர் ஒரு கற்பனைப் பாத்திரத்தின் தலைமயிருக்கும் தனிப்பெயரும் பதிப்பெண்ணும் அளித்துக் காக்கின்றனர். கொழுந்துக் கூடை சுமந்த பாட்டியின் ஒரே நிழற்படத்துக்கு அவ்வளவு அக்கறையேனும் காட்டுதல் நம் கடன். எண் அப்படத்தைக் காத்து நிற்கும். பதிவேடு அவர் பெயரைச் சொல்லும். அப்பெயரைச் சொல்லத் தெரிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆதலின் பதிவேட்டின் முதல் வரியை எழுதும் பணியைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளல் வேண்டும்.